கருவுறுமுன் காத்தல்

வாலாஜாபேட்டை நமக்கு அயலூரன்று. நம் கல்லூரி மாணவருட் சிலருக்கு அது பிறந்த ஊர். ஏனையோருக்கு இரயில் நிலையத்தின் பெயராலேனும் தெரிந்த ஊர். ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாஜாவின் பெயர் தாங்கிய அவ்வூர் பலவற்றில் முந்திக்கொண்டது. தென்னிந்தியாவின் முதற் பிரயாண வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்தினின்று புறப்பட்டு வந்து சேர்ந்தது வாலாஜா ரோடு நிலையத்துக்கே. 1866ஆம் ஆண்டிலேயே அவ்வூருக்கு நகரசபை வாய்த்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையும் அங்கே இருக்கிறது. இத்துணை முந்திய ஊர் ஒரு காரியத்தில் மட்டும் பிந்தி நிற்கிறது. அவ்வூரை மட்டும் குறைகூறுதல் தகாது. ஆம்பூரும், வாணியம்பாடியும், வேலூரும், இந்நாடு முழுதுமே அக்காரியத்தில் பிந்தியே நிற்கின்றன. அதனைக் குறித்து நம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

சென்ற ஆண்டு அவ்வூரில் நமக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டில் தலைப்பிள்ளை பிறந்தது. பெண் மகவு, முகம் பூரண சந்திரன்போல் இருந்தது. ஆயினும் முதுகின் அடிப்புறத்தில் தோலும் எலும்பும் மூடாது, எலுமிச்சம்பழ அளவில் ஒரு நீர்ப்பை பிதுங்கி நின்றது. கால்கள் அசையவில்லை. செய்தி கேட்டு நாம் சென்றபோது திண்ணையில் பலர் கூடியிருந்தனர். பாட்டியார், 'கிரகணத்தன்று வெளியே போகாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டாளா?' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர், 'எல்லாம் தோல் ஷாப்புத் தண்ணீர் செய்த வேலை ஐயா! பாலாறு பாழாய்ப் போயிற்று' என்றார். வேறொருவர், 'அக்காள் மகளைக் கட்டாதே என்று அப்போதே சொன்னேன்' என்றார். குழந்தையின் தாய் உள்ளே படுத்திருந்தாள். எல்லாரும் அவளைப் பற்றியே பேசினர். ஒருவரும் அவளோடு பேசவில்லை.

அன்று திண்ணையிற் கேட்ட மூன்று வழக்குகளையும் நாம் நெஞ்சிற் சுமந்து வந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, எது மெய், எது பொய், எது அரை மெய் என்று காண்பதே இவ்வியாசத்தின் முதற் பணி. எது செய்யத்தக்கது என்று காட்டுவது இரண்டாவது பணி.

முதலாவது, இக்குறை இன்னதென்று தெரிந்துகொள்வோம். கருவில் மூளையும் முதுகுத் தண்டும் ஒரு தட்டையான தகட்டினின்று தோன்றுகின்றன. பாயைச் சுருட்டுவதுபோல் அத்தகட்டின் இரு விளிம்புகளும் எழுந்து, நடுவிற் கூடி, ஒரு குழலாகின்றன. இதனை நரம்புக் குழல் என்பர். கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் அக்குழல் மேலும் கீழும் மூடிவிடவேண்டும். கீழ்ப்புறம் மூடாவிடில் முதுகுத்தண்டு பிளவுற்று நிற்கும். கால்களின் வன்மையும், மலசலங்களை அடக்கும் ஆற்றலும் குன்றும். பெரும்பாலும் தலையில் நீர் தேங்கும். மேற்புறம் மூடாவிடில் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகா, அம்மகவு பிழைப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி மண்டைத் துளைவழியே பிதுங்கி நிற்பதும் உண்டு. இவை யாவும் ஒரே மூலத்திற் கிளைத்தவை.

இஃது அருமையாய் நேரும் குறையென்று எண்ணவேண்டா. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய 4 குழந்தைகள் இக்குறையோடு பிறக்கின்றன. ஆண்டொன்றுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் இந்நாட்டில், அவ்வீதப்படி கணக்கிட்டால் தொகை 80 ஆயிரத்துக்குக் குறையாது. பெரியதோர் நகரின் ஜனத்தொகைக்கு நிகரான குழந்தைகள் ஆண்டுதோறும்! இதிற் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதே நம் நெஞ்சை அறுக்கும் செய்தி.

இனித் திண்ணை வழக்குகளைப் பார்ப்போம். கிரகணம் என்னும் வழக்கு நில்லாது. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது. அன்று கருவுற்றிருந்த தாய்மார் எண்ணிறந்தோர்; அவர்கள் அனைவர் மேலும் விழுந்தது ஒரே நிழல். கிரகணமே காணாத திங்கள்களில் கருவுற்றவருக்கும் இக்குறையுள்ள மகவு பிறக்கிறது. அன்றியும், ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்த பின்னரே வீட்டார் அவளைக் கிரகணத்துக்கு மறைக்கின்றனர். அவ்வாறு தெரிந்து மறைக்குமுன்னரே பெரும்பாலும் நரம்புக் குழல் மூடியோ, மூடாதோ முடிந்துவிடுகிறது. ஆதலின் அப்பாட்டியாரின் சொல் மெய்யாயின்கூடக் காலம் கடந்த சொல்லேயாம். கிரகணத்தின் பெயரால் ஒரு பெண்ணின் மேற் பழி சுமத்துதல் பெரும்பாவம் என்று நாம் அழுத்திச் சொல்வோம்.

தோல் ஷாப்புத் தண்ணீர் என்னும் வழக்கு அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பாலாற்றுப் படுகைக்கு நேர்ந்த கேடு கண்கூடு. வேலூர் மக்கள் நலக் குழுவினர் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நியாயத்தை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. இராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமியத் தொழிற்சாலையின் கழிவுமேடு நம் நாட்டு இரசாயன அவலங்களில் ஒன்று. நிலத்தடி நீர் தூய்மையுற வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கு வேறெந்தக் காரணமும் காட்டவேண்டியதில்லை. ஆயினும் குரோமியமே நரம்புக் குழற் குறைக்குக் காரணம் என்று மனிதரிடத்து நிலைநாட்டப்படவில்லை. நிலைநாட்டப்படாத ஒன்றின்மேல் முழுப்பழியையும் ஏற்றினால், நிலைநாட்டப்பட்ட ஒன்று நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆறு தூய்மையாகும்வரை காத்திருக்கவேண்டும் என்று எண்ணுகிறவன், நாளைக்கே செய்யக்கூடியதை விட்டுவிடுகிறான்.

உறவுமுறைக் கலியாணம் என்னும் வழக்கு அரை மெய்யுடையது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான மகளிருள் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவினரையே மணந்தவர்; இஃது இந்திய மாநிலங்களில் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. இத்தகைய மணத்தால் சில பிறவி நோய்கள் பெருகும் என்பது ஒப்புக்கொண்ட உண்மை. நரம்புக் குழற் குறையைப் பொறுத்தமட்டில், தென்னிந்திய ஆய்வுகள் சில தொடர்பு கண்டன. வேறு சில அவ்வளவு காணவில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் குறைவது நல்லதே. ஆனால் மணம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணிடம் அதனைச் சொல்லிக் காட்டுவதில் யாருக்கு என்ன பயன்?

இனி மெய்க்குச் செல்வோம். அதன் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகிறது என்பது பலர் அறியாதது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய அம்மையார் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைச் சோகை நோயை ஆராய்வது அவர் நோக்கம். அவ்வாராய்ச்சியின் பொருட்டு அவர் நம் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையிற் கோஷா ஆஸ்பத்திரியிலும் உழைத்தார். ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான ஈஸ்ட்டுச் சத்து அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டு 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சத்தில் இருந்த பொருள் யாது என்று அன்று தெரியவில்லை. 1941ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அப்பொருளைப் பசலை இனத்துக் கீரையினின்று பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஏழைத் தொழிற்பெண்களின் வெளிறிய முகத்தினின்று பிறந்த அறிவு அது. அவ்வறிவு அவர்கள் பேத்திமாருக்கு இன்னும் முற்றும் சென்று சேரவில்லை.

சோகைக்கு மருந்தான அப்பொருளே நரம்புக் குழலுக்கும் காவலென்று 1960களில் ஐயம் எழுந்தது. 1991ஆம் ஆண்டில் ஐயம் தீர்ந்தது. இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிச் சபை 7 நாடுகளில் 33 நிலையங்களில் நடத்திய சோதனையில், முன்பு இக்குறையுள்ள மகவைப் பெற்ற 1,817 பெண்கள் சேர்ந்தனர். மறுமுறை கருவுறுமுன்னரே சிலருக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டது, சிலருக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டவரிடை 6 குழந்தைகளும், கொடுக்கப்படாதவரிடை 21 குழந்தைகளும் குறையோடு உருவாயின. நூற்றுக்கு 72 பங்கு காப்பு! இவ்வளவு தெளிவாய்த் தெரிந்தபின் கொடாதிருப்பது அறமன்று என்று அச்சோதனையையே இடையில் நிறுத்திவிட்டனர். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திவந்த இதுபோன்ற சோதனையும் அதன் பயனாக நிறுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவும் அவ்வழியையே காட்டிற்று. முன்பு குறைப்பிள்ளை பெறாத சாதாரணப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், அஃதாவது ஒரு கிராமைப் பதினாயிரம் கூறாக்கி அவற்றுள் 4 கூறு, போதும் என்பது சீன தேசத்தில் நடந்து 1999ஆம் ஆண்டில் வெளியான பேராய்வால் விளங்கியது. குறை மிகுந்திருந்த வடசீனத்தில் அது ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கைத் தடுத்தது.

ஆகவே மருந்து தெரியும், விலையோ அற்பம். பின் ஏன் இக்குறை நீங்கவில்லை? இங்கேதான் நாம் முதலிற் சொன்ன பிந்துதல் வருகிறது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நம் வீடுகளில் வழங்கும் சொல்லை எண்ணிப் பார்க்க. ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று முதன்முதல் ஐயுறும் நாளில், கருத்தரித்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழிந்துவிட்டது. அவள் நாணத்தால் தன் கணவனுக்கும் சொல்லாமல் மேலும் சில நாள் காக்கிறாள். மாமியார் அறிவதற்குள் மாதம் ஒன்று கடக்கிறது. 'நிலைக்கட்டும், பிறகு சொல்லலாம்' என்று மூன்று திங்கள் மறைப்பதும் பல குடும்பங்களில் மரபு. அதற்குப் பின்னரே நர்ஸம்மாவிடம் பெயர் பதிகிறது, மாத்திரை கைக்கு வருகிறது. குழலோ 28ஆம் நாளே மூடவேண்டியது. வைத்தியர் எண்ணும் கணக்கில் அஃது 6ஆம் வாரம். சர்க்காரார் 12 வாரத்துக்குள் பதிவு செய்துகொள்ளச் சொல்வது நல்ல ஏற்பாடே. எனினும் 12ஆம் வாரத்தில் ஓடிவந்து பதிந்தவளும் இக்குறையைப் பொறுத்தமட்டில் 6 வாரம் பிந்தியவளே. ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு ஏழுவகைச் சோறு சமைத்துப் போற்றும் நாம், அவள் வயிற்றில் நரம்பு உருவாகும் முதல் மாதத்தில் அவளைக் கவனியாது விட்டுவிடுகிறோம்.

இதனால் விளங்குவது ஒன்று. கர்ப்பிணிக்கு மாத்திரை கொடுப்பது இக்குறைக்கு மருந்தாகாது. கர்ப்பிணி ஆகப்போகிறவளுக்குக் கொடுப்பதே மருந்து. மழை வந்தபின் கூரை வேய்கிறவன் நனைந்தே தீரவேண்டும்.

ஃபோலிக் அமிலக் குறைவு ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வேறு சில அபாயங்களும் உள. கருவுறுமுன்னரே இருக்கும் சர்க்கரை நோய் அவற்றுள் ஒன்று. இளம்பெண்களிடத்தும் அது பெருகிவருதலின், கலியாணமானவுடன் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நலம். மிதமிஞ்சிய உடற்பருமன் மற்றொன்று. காக்கை வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டு என்னும் மருந்து இக்குறையின் அபாயத்தைப் பன்மடங்கு உயர்த்தும். அதனை உட்கொள்ளும் பெண் கருவுற எண்ணுமுன் வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறவேண்டும். தானாகவே நிறுத்துதல் உயிருக்கு ஆபத்து. முதல் மாதத்தில் வரும் கடுங்காய்ச்சலும் கவனிக்கத்தக்கது. பீ12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவும் அபாயத்தைக் கூட்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பால், முட்டை, மீன், மாமிசம் ஒன்றுமே போதிய அளவு உண்ணாத வீடுகளில் இக்குறைவு மிகுதி. முன்பு ஒரு மகவு இக்குறையோடு பிறந்திருந்தால், மறு மகவுக்கும் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 5 வரை ஆகிறது.

கீரையும் பருப்பும் உண்டால் போதாதா எனின், உண்ணல் நன்றே. முளைக்கீரை, முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, ஈரல் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. ஆயினும் நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துக் கொட்டும் நம் சமையலில் அதிற் பெரும்பகுதி அழிகிறது. விடியலில் எழுந்து பஸ் ஏறிப் பூட்ஸ் தொழிற்சாலைக்குச் சென்று அந்தியில் திரும்பும் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பெண்கள் நாள்தோறும் கீரை ஆய்ந்து சமைத்து உண்பர் என்று எதிர்பார்த்தல் வீண். ஆகாரத்தோடு மாத்திரையும் வேண்டும்.

சர்க்காரார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுதல் நன்றியின்மை. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய சோகையற்ற இந்தியா என்னும் திட்டத்தின் விதிகளில், கருவுறும் முன்னும், கருவுற்ற முதல் மூன்று மாதமும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ளது வீட்டில் உள்ளதா என்பதே கேள்வி. நாம் அறிந்த வீடுகளில், கருவுறுமுன் அம்மாத்திரையைக் கண்ட மணமகள் ஒருத்தியும் இல்லை. பள்ளிச் சிறுமியருக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கும் நீல மாத்திரையில் இரும்பும், அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் உள. சோகைக்கு அது நற்பயன் தரும். ஆனால் நரம்புக் குழலையும் காக்க வேண்டின், வாரமொருமுறை கொடுக்கும் மாத்திரையில் 2.8 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் நீல மாத்திரையில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அரிசியின் கதையும் அத்தகையதே. சத்தூட்டிய அரிசியை நியாயவிலைக் கடைகள்வழி வழங்கும் திட்டம் 2021ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டது. அவ்வரிசிக்கு விதித்த அளவு, கிலோ ஒன்றுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு அதனாற் கிடைப்பது 40 மைக்ரோகிராமும் ஆகாது. வேண்டிய 400இல் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அமெரிக்க நாட்டில் 1998 முதல் கோதுமை மாவில் கிலோவுக்கு 1,400 மைக்ரோகிராம் கட்டாயமாய்க் கலக்கின்றனர். அங்கே இக்குறை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, உணவிற் சத்தூட்டி இக்குறையைத் தடுக்குமாறு எல்லா நாடுகளையும் வேண்டித் தீர்மானம் செய்தது. ஃபோலிக் அமிலம் கலந்த அயோடின் உப்பைத் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றிற் கொடுத்துப் பார்த்து, பெண்களின் இரத்தத்தில் அச்சத்து நன்கு உயர்ந்ததென 2024ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உப்பில்லாத வீடு இல்லை. ஆதலின் இவ்வழி ஆராயத்தக்கது.

இதற்கு மாறாகக் கூறப்படும் தடைகள் சில. ஃபோலிக் அமிலம் மிகுந்தால் பீ12 குறைவை மறைத்துவிடும் என்பர். அவ்வச்சத்துக்கு விடை இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதேயன்றி, ஒன்றையும் கொடாதிருப்பதன்று. புதுமணப் பெண்ணிடம் மாத்திரையைக் கண்டால் கருத்தடை மாத்திரை என்று ஊரார் ஐயுறுவர் என்பர். இது மெய்யான தடை, நாம் கேட்டதுண்டு. அவ்வையத்தைப் போக்கும் வழி, மறைவாய்க் கொடுப்பதன்று. மணப்பந்தலில் தாம்பூலத்தோடு கொடுப்பதுபோல் வெளிப்படையாய்க் கொடுப்பது. எல்லாரும் அறிந்த மாத்திரைக்கு எவர் பழி சொல்வர்? 'எங்கள் காலத்தில் எந்த மாத்திரை தின்றோம்?' என்பாரும் உளர். அவர்கள் காலத்தில் இறந்து பிறந்தவையும், பிறந்து இறந்தவையும் எத்தனை என்று வீட்டு மூதாட்டியரைக் கேட்டால் கணக்கு வெளிப்படும்.

நாம் வேண்டுவன ஐந்து. ஒன்று, கலியாணப் பதிவு நடக்கும் இடத்திலேயே மூன்று மாத மாத்திரையும் ஒரு சிறு தமிழ்த் துண்டுத்தாளும் மணமக்களுக்குக் கொடுக்கப்படவேண்டும். கோயிலாயினும், ஆலயமாயினும், ஜமாஅத்தாயினும் மணம் முடித்துவைக்கும் பெரியோர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு ஆயிரம் விளம்பரத்தின் வலிமை உண்டு. இரண்டு, பெண்கள் திரளாய் வேலைசெய்யும் தோல், பூட்ஸ் தொழிற்சாலைகளில் பகலுணவு வேளையில் இது வழங்கப்படவேண்டும். அங்கே முதலாளிக்குச் செலவு சிறிது, புண்ணியம் பெரிது. மூன்று, வாராந்தர மாத்திரையின் அளவையும் உணவிற் கலக்கும் அளவையும் சர்க்காரார் மறுபடி ஆராயவேண்டும். நான்கு, இக்குறையோடு பிறந்த ஒவ்வொரு மகவும், இறந்து பிறந்ததாயினும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கணக்கேறவேண்டும். எண்ணாத துயரத்துக்கு எவரும் மருந்து தேடார்.

ஐந்தாவதே மிக அவசரமானது. ஒருமுறை இக்குறைப்பிள்ளை பெற்ற தாய், மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளிலேயே, மறு கருவுக்கு முன் தான் உட்கொள்ளவேண்டிய பெரிய அளவு மாத்திரையைக் குறித்து அவளுக்கும், அவள் கணவனுக்கும், மாமியாருக்கும் எடுத்துச் சொல்லப்படவேண்டும். சாதாரண 400 மைக்ரோகிராம் அவளுக்குப் போதாது. அவளுக்கு வேண்டியது அதற்குப் பத்து மடங்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையை வைத்தியர் சொற்படி உட்கொள்ளலாம். 1991ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது இவளுக்கே. அவளுக்கே நாம் அதனைச் சொல்லாதிருப்பது எவ்வாறு பொறுக்கும்?

இவ்வளவும் எழுதும்போது ஓர் அச்சம் நமக்கு உண்டு. குறையோடு பிறந்த பிள்ளைகளை இழிவாய்ப் பேசியதாக ஒருவரும் கொள்ளலாகாது. தடுத்தல் வேறு, வெறுத்தல் வேறு. வேலூர் மக்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1954ஆம் ஆண்டில் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்ததும், 1966ஆம் ஆண்டில் மறுவாழ்வு நிலையத்தை நிறுவியதும் இவ்வூர்ப் புகழ். கால் நடவாத பிள்ளை பள்ளிக்குப் போகலாம், கல்லூரிக்கும் வரலாம். முதுகுக் கொப்புளத்தைக் காலத்தில் மூடி, தலைநீரை வடிக்கக் குழாய் வைத்து, சிறுநீர்ப்பையைத் தக்கவாறு பேணினால் அப்பிள்ளைகளிற் பலர் நெடுநாள் வாழ்வர். நம் கல்லூரி வாயிற்படிகளுக்கு அருகே சாய்தளம் ஒன்று அமையவேண்டும் என்று கேட்பதும் இவ்வியாசத்தின் ஒரு பகுதியே என்று கொள்க.

நிற்க. அன்று திண்ணையை விட்டு எழுந்தபோது நாம் உள்ளே சென்று அத்தாயைக் கண்டோம். அவள் கேட்டது ஒன்றே: 'ஐயா, நான் என்ன தப்புச் செய்தேன்?' ஒன்றும் செய்யவில்லை அம்மா என்றோம். மெய்யும் அதுவே. தப்புச் செய்தவர் அவளுக்குக் காலத்தில் சொல்லாத நாம் அனைவரும். குழந்தைக்கு முதுகு மூடும் சிகிச்சை நடந்தது. அது வளர்ந்து வருகிறது. கண்ணால் ஆளைத் தொடர்கிறது, கூப்பிட்டால் சிரிக்கிறது. அடுத்த கருவைப் பற்றி நாம் அவ்வீட்டாரிடம் சொன்னபோது, முதலில் முகம் திருப்பிக்கொண்ட பாட்டியாரே பின்னர், 'அந்த மாத்திரை பெயரைத் தாளில் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டார். எழுதிக் கொடுத்தோம். அதனை அவர் சாமி மாடத்தில் விபூதித் தட்டின் கீழே பத்திரமாய் வைத்தார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலருக்கு அக்காள் தங்கையர் உளர். அவர்களுட் சிலருக்கு இவ்வாண்டிலேயே மணம் நிகழும். பரிசாகப் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்னோம். அதனோடு இவ்வொரு செய்தியையும் கொண்டு சென்று கொடுங்கள். முழுகாமல் இருக்கிறாள் என்று ஊர் சொல்லுமுன் சென்று சேரவேண்டிய செய்தி இது, பிந்தினாற் பயனில்லை.